கதவுக்கு முட்டுக்கொடுத்த குல்லா மூட்டை

கோத்தகிரியில் பிறந்தவர்கள் ஒரு வாசலைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே பின்கையால் கதவைச் சாத்துவார்கள். அதற்கு யோசனை வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றுவது மாதிரி அதுவாக நடக்கும். மறந்துவிட்டால் உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள்: "யாரது கதவத் தொறந்துபோட்டு வாறது? பனி பூரா ஊட்டுக்குள்ள வருது!" ஐம்பத்திரண்டு வருடமாக நானும் அப்படித்தான் சாத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் ஒரு நல்ல காரியத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டது.

எங்களுக்குப் பஜாரில் ஸ்வெட்டர் கடை. குடை, மழைக்கோட்டு, குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் உண்டு. அத்தா வைத்த கடை. இப்போது அண்ணனும் நானும் பார்க்கிறோம். கடையை ஒட்டி ஒரு சந்து போகிறது. சந்துக்குள் மூன்று படி ஏறினால் எங்கள் குடோன் அறை. ஆயுத பூஜை கழிந்ததும் லூதியானாவிலிருந்து கம்பளிச் சரக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கோடைக்குள் கிட்டத்தட்ட எல்லாம் விற்றுவிடும். அதற்குப் பிறகு மறுபடி ஆயுத பூஜை வரைக்கும் அந்த அறையில் எலியும் காலி அட்டைப் பெட்டியும்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்பவர்களிடம், "அத்தாவுக்கு ஒத்தாசைக்கு வந்துட்டேனுங்க" என்று சொல்லிப் பழகியிருந்தேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிற ஆள். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு முக்குவரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மூன்று தடவை. வீட்டுக்காரி சொல்வாள்: "ஏனுங்க, நீங்க கவலைப்படாம உக்காந்திருந்தாத்தான் எனக்குக் கவலையா இருக்குதுங்க."

பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதத்தில் ஒரு பெண் கடைக்கு வந்து ஒரு ஸ்வெட்டர் வாங்கினார். மறுநாள் வந்து இன்னொன்று வாங்கினார். திருப்பூர்ப் பக்கம் சொந்த ஊராம். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பெரிய பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பேசுகிற வேலை. ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. பஜாரில் எல்லோரும் அவரைக் கவுன்சிலிங் மேடம் என்றார்கள், நானும் அப்படியே.

மூன்றாம் நாள் காலுறைக்கு வந்தபோது, ஓர் அறைக்காக அலைவதாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா பிள்ளைங்க வர மாட்டாங்க பாய். ஸ்கூல்ல தனியாக் கூப்பிட்டுப் பேசினா, கூடப் படிக்கறதுங்க அன்னைக்கே பட்டப்பேர் வச்சிடுதுங்க. எனக்கு வேண்டியது ஒரு ரூம். ஸ்கூல் விட்டு வர்றப்ப சும்மா நுழையணும். டோக்கன் கிடையாது, பேரெழுத வேண்டாம். பேசணும்னா பேசலாம். வேண்டாம்னா கேரம் ஆடிட்டுப் போகலாம். அவ்வளவுதான்."

நான் காலுறையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் படியில் வழுக்கி விழுந்தால்? யாராவது அப்பா வந்து சட்டையைப் பிடித்தால்? நாம் தப்பாக ஒன்று சொல்லி அது வேறு மாதிரி ஆகிவிட்டால்? அதே சமயம், நான் ஒன்பதாவது படிக்கும்போது இப்படி ஓர் அறை இருந்திருந்தால் என்றும் நினைப்பு வந்தது. கடைசியில் வீட்டுக்காரிதான், "கேட்டுப்போட்டு வேண்டாம்னு சொன்னாலும் பரவால்லீங்க. கேக்காம நீங்க ராப்பகலா பொரண்டு பொரண்டு படுக்கறது எனக்கு முடியாதுங்க" என்று அண்ணனிடம் அனுப்பினாள்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"ஏண்டா, நீயே பயந்தாங்கொள்ளி. பயந்த பிள்ளைகளுக்கு நீ கடை தொறக்கறயா?"

"நான் தொறக்கலீங்கண்ணா. மேடம்தான். ரூம் மட்டும் நம்மளது."

அண்ணன் கொஞ்ச நேரம் பல் குத்தினார். "ஆயுத பூஜை வரைக்கும் வச்சுக்கோ. பிள்ளைக வந்தா அப்பப் பாத்துக்கலாம். வரலையா, சரக்கு எறங்குற அன்னிக்கே சாவி எங்கைக்கு வந்தரோணும். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அப்படி முடிவானது. நாலு மாதம். அதற்குள் பிள்ளைகள் வர வேண்டும்.

நான் அறையைத் தயார்செய்தேன். கரி அடுப்பு வைக்கலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மூடின அறையில் கரியைப் போட்டுத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றி எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். மின்சார ஹீட்டர் வாங்கி, அதற்கு முன்னால் யாரும் கால் வைக்காதபடி கம்பி வலை போட்டேன். கேரம் போர்டு வந்தது. கால் வழுக்காமல் இருக்கப் படியின் ஓரத்தில் சாக்கை ஆணியடித்தேன். பிறகு கதவு. அது பழைய பலாப் பலகைக் கதவு. சந்தும் இடுக்குமாக இருக்கும். ஆசாரியை வைத்து அடியில் பட்டை சேர்த்து, சுற்றிலும் சைக்கிள் ட்யூபைக் கிழித்து அடித்து, சாத்தினால் ஓர் இழை காற்று நுழையாதபடி செய்தேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அந்தக் கதவைப் பற்றித்தான் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கதவின்மேல் போர்டு எழுதி மாட்டினோம். 'யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை.'

வீட்டுக்காரி படித்துப் பார்த்தாள். "எப்ப வேணாலும்னு சொல்லிப்போட்டு கீழ டைம் போட்டிருக்கீங்களே?"

"எப்ப வேணாலும்னா, அந்த டைமுக்குள்ள எப்ப வேணாலும்."

"ம்," என்றாள்.

மேடம் ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய் காலை வணக்கக் கூட்டத்தில் பேசினார். பிள்ளைகள் நன்றாகக் கைதட்டினார்களாம். மூன்றரை ஆனதும் நாங்கள் ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்தி, உட்கார்ந்தோம். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. முதல் நாள்தானே என்றோம். முதல் வாரம் போயிற்று. இரண்டாவது வாரம் மேடம் எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்தார். அதை நாங்களே தின்றோம். மூன்றாவது வாரம் மேடத்துக்கு என்னைவிட நன்றாக ஸ்ட்ரைக்கர் அடிக்க வந்துவிட்டது.

"ரூம் மட்டும் சும்மா சொல்லக் கூடாது பாய்," என்பார் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து. "மொத்தக் கோத்தகிரியிலயும் எனக்குக் குளிராத இடம் இது ஒண்ணுதான்."

அண்ணன் நாளைக்கு ஒருதரம் கதவைத் தோளால் தள்ளித் திறந்து எட்டிப்பார்ப்பார். "இன்னிக்கு எத்தனை உருப்படி?" நாங்கள் இரண்டு பேரும் கேரம் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். "நல்லது, நல்லது," என்று சொல்லிவிட்டு, ட்யூப் பட்டை நன்றாகப் பொருந்தும்படி கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் எனக்குக் கடையில் வேறொரு கவலை சேர்ந்தது. ஒரு பெண்பிள்ளை. பதினாறு வயது இருக்கும். பிளஸ் ஒன் சீருடை. அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. வருவாள். கம்பளிக் கையுறையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்பாள். சொல்வேன். சரிங்க என்று போய்விடுவாள். நாலு நாள் கழித்து மறுபடி அதே கையுறை, அதே கேள்வி. எடுத்துக்கொண்டு போகிறாளோ என்று நினைத்து, அவள் போன பிறகு கையுறைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. வெட்கமாக இருந்தது. ஆனால் ஐந்தாம் தடவை அவள் வந்தது காலை பத்தரைக்கு. சீருடையோடு, பையோடு. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாடவேளை நடந்துகொண்டிருக்கும் நேரம். அந்த நேரத்தில் பையோடு பஜாரில் நிற்கிற பிள்ளையை நான் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வேன். ஒன்றும் கேட்கவில்லை. விலையைச் சொன்னேன்.

அவள் போகவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே கேட்டாள்.

"பாய், அந்த ரூம் எப்பத்தான் தொறப்பீங்க?"

"எந்த ரூம் கண்ணு?"

"அதான், அந்த அக்கா வந்து பேசினாங்களே."

"அது தொறந்து ரண்டு மாசம் ஆகப்போகுதே! தெனமும் இருக்கறமே!"

"எங்க இருக்கறீங்க? கதவு சாத்தியே இருக்குதுங்க. நான் ஆறு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டேன். வேற பிள்ளைகளும் வந்து பாத்துட்டு, பூட்டியிருக்குதுன்னு போயிட்டாங்க."

"பூட்டல கண்ணு. குளிருக்குச் சாத்தியிருக்குது. தட்டினாத் தொறப்பாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் அறியாத ஆளைப் பார்ப்பதுபோல.

"தட்டினா யாருன்னு கேப்பாங்க. அப்பறம் என்னன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றதுங்க?"

நான் கீழே ஏதோ விழுந்ததுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

எனக்கு எப்படி அது தோன்றாமல் போயிற்று என்பதுதான் இன்றுவரை புரியவில்லை. ஏனென்றால் நான் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றது அத்தாவுக்கு ஒத்தாசைக்காக இல்லை. ஒரு சாத்தின கதவால்தான். ஒன்பதாவது படிக்கும்போது மார்கழியில் ஒரு நாள் பஸ் தாமதமாகி வகுப்புக்குப் பிந்தினேன். குளிருக்காக வகுப்புக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே வாத்தியார் பாடம் நடத்துகிற சத்தம். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தட்டினால் எல்லாத் தலையும் திரும்பும், ஏண்டா லேட்டு என்பார், ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லும்போது குரல் நடுங்கும், சிரிப்பார்கள். கை அப்படியே நின்றது. மணி அடிக்கும்வரை தாழ்வாரத்தில் நின்றேன். மறுநாள் நேரத்தோடு கிளம்பியும் வழியிலேயே வயிற்று வலி வந்துவிட்டது. மூன்றாம் நாள் நேராகக் கடைக்கு வந்து அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தா ஒன்றும் கேட்கவில்லை; குடைகளைத் துடைக்கச் சொன்னார். இப்போதும் யோசிக்கிறேன். யாராவது பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்றில்லை. அந்தக் கதவு திறந்து கிடந்திருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சுக்குப் போயிருப்பேன்.

அப்படிப்பட்ட நான், முப்பத்தெட்டு வருடம் கழித்து, சைக்கிள் ட்யூபெல்லாம் அடித்து ஒரு கதவைச் சாத்தி, அதன்மேல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதி மாட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு மேடத்திடம் இரண்டையும் சொன்னேன், அந்தப் பெண் சொன்னதையும் என் கதையையும். என் கதையை வீட்டுக்காரியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. மேடம் கடைசிவரை கேட்டார். பிறகு தன் இரண்டு ஸ்வெட்டரையும் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் தோணலையே பாய். எங்க ஊர்ல கதவ யாரு சாத்தறா? இங்க வந்ததும், குளிருக்கு நானே ஓடி ஓடிச் சாத்திருக்கேன்."

மறுநாள் மூன்றரைக்குக் கதவை விரியத் திறந்து வைத்தோம். பனி நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. கால் மணி நேரத்தில் தபால்காரர் கடிதம் கொடுக்க வந்தார், கொடுத்தார், போகும்போது சாத்திவிட்டுப் போனார். எழுந்து திறந்தேன். டீக்கடையிலிருந்து ஃப்ளாஸ்க் கொண்டுவந்த அம்மா சாத்தினாள். திறந்தேன். அண்ணன் எட்டிப்பார்த்து, "ஏண்டா, ரோட்டுக்கா ஹீட்டர் போடறே?" என்று அழுத்திச் சாத்தினார். திறந்தேன். சிறிது நேரம் கழித்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தால், மேடம் சிரிக்கிறார். திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை சாத்தியது நான்.

இந்த ஊர்க்காரர்கள் கையில் கதவு இருக்கிறவரை அது சாத்தப்படும் என்று புரிந்தது. மறுநாள் காலை ஆசாரியைக் கூப்பிட்டு, கீலைக் கழற்றி, கதவையே எடுத்துவிட்டு, போர்டை வாசல் நிலையில் மாட்டினேன்.

சந்து முழுக்க அண்ணன் குரல்தான். "கதவில்லாத ஊட்டை எங்கியாச்சும் பாத்திருக்கயா? கோத்தகிரிலடா! கரடி ஊருக்குள்ள நடக்குற எடத்துல!"

கரடியைப் பற்றி எனக்குச் சொல்லவே வேண்டாம். தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு கரடிக் கதை இருக்கிறது. அதையும் யோசித்து, சாயந்திரம் போகும்போது வாசலுக்குக் குறுக்கே வைத்து ஆணியில் மாட்டுகிற மாதிரி இரண்டு பலகை செய்திருந்தேன். அண்ணன் பலகையை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். "இதைப் பாத்துக் கரடி சலாம் போட்டுட்டுப் போயிருமா?"

சந்தில் போகிறவர்கள் கண்ணுக்கு எல்லாம் தெரியக் கூடாது. அதனால் காலி அட்டைப் பெட்டிகளை ஆளுயரம் அடுக்கி அறைக்குக் குறுக்கே சுவராக்கினேன். இந்தப் பக்கம் கேரம் போர்டு, வர்க்கி டப்பா. அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, மேடம், ஹீட்டர். குளிருக்கு வழி வீட்டுக்காரி சொன்னாள். எங்களிடம் மூன்று வருடமாக விற்காத ஒரு லாட் ஸ்வெட்டர் இருந்தது. பழுத்த பப்பாளி நிறம். இலவசமாகக் கொடுத்தாலும் ஒருவரும் போட மாட்டார்கள். "அதைக் கொண்டுபோய் ஆணில மாட்டுங்க. வர்ற பிள்ளைக போட்டுட்டு, போறப்பக் கழட்டி மாட்டட்டும்."

முதலில் வந்தவர்கள் மூன்று பையன்கள். மழைக்கு ஒதுங்குவதுபோல வாசலில் நின்றார்கள். கேரம் போர்டைப் பார்த்தார்கள். ஒருவன் உள்ளே ஒரு கால் வைத்தான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேடமும் நானும் பேசி வைத்திருந்தோம். யார் நீ, எங்கே வந்தாய், என்ன வேண்டும் என்ற மூன்றையும் கேட்கவே கூடாது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடைக்காரன் நாக்கு, என்ன வேணுங்க என்று தானாக வந்துவிடும். வர்க்கியைக் கடித்துக்கொண்டேன்.

"டேய், இந்தக் கலரப் பாருடா," என்று ஒருவன் ஸ்வெட்டரை எடுத்தான்.

"போடு போடு, உனக்குக் கல்யாண மாப்ள மாதிரி இருக்கும்."

"போடா. நீயும் போடு. அப்பத்தான் நான் போடுவேன்."

மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சீருடை மறைந்ததும் யார் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியவில்லை. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளையும் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிற பிள்ளையும் ஒரே பப்பாளி. அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர் ஆனார்கள். பெட்டிச் சுவருக்குப் பின்னால் யாராவது போனால் கேரம் ஆடுகிறவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் சத்தமாக அடிப்பார்கள், உள்ளே பேசுவது வெளியே கேட்காதபடி. அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண், கதவை எடுத்த நான்காம் நாள் வந்தாள். என்னைப் பார்க்காமல் நுழைந்தாள், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள், கேரம் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றாள், போனாள். இரண்டு வாரம் இப்படியே. பிறகு ஒரு நாள், நின்றுகொண்டிருந்தவள் பெட்டிச் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அன்றைக்கு ஐந்தரைக்கு நான் பலகையை எடுக்கவில்லை, ஆறு ஆயிற்று. அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மேடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பழகுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று வீட்டுக்காரிக்குத் தெரியும்.

புரட்டாசியில் ஒரு காலை கடை திறக்க வந்தால் சந்தில் பலகை இரண்டும் படிக்குக் கீழே கிடந்தன. உள்ளே வர்க்கி டப்பா சப்பையாகி, நக்கிய தகரம் பளபளவென்றிருந்தது. கேரம் பவுடரை மிதித்துத் தரையெல்லாம் வெள்ளைக் காலடி. நகம் நகமாக, சுத்தமாக அச்சு எடுத்ததுபோல. கரடி பெட்டிச் சுவரைச் சுற்றிப் போய் மேடத்தின் நாற்காலி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பியிருந்தது. ஒரு பெட்டியையும் தள்ளவில்லை.

அன்று மாலை பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தால், அவர்கள் காலடியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துச் சிரித்து விழுந்தார்கள்.

"பாய், போர்டுல யார் வேணும்னாலும் வரலாம்னு எழுதினது நீங்கதான?"

"அக்கா, அதுக்கு என்ன பிரச்சினையாம்?"

"சொல்ல மாட்டாங்கடா. ரகசியம்."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்பளிச் சரக்கு வந்து இறங்கினால் கதவில்லாத அறையில் வைக்க முடியாது. ஐப்பசி மழைச் சாரல் நேராக அடிக்கும். "பிள்ளைக வருது, இல்லைன்னு நான் சொல்லல. ஆனா கதவு திரும்ப மாட்டோணும், மூட்டை வெக்கோணும். மூட்டை வெச்சா எடம் ஏது? சாத்துனா உன்ற பிள்ளைக வராதுன்னு நீயே சொல்றே. அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

மேடம் வேறு இடம் தேடிப் பார்க்கிறேன் என்றார். எப்படியும் மழைக்காலம் முடிகிற வரைக்கும் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். அந்த இரண்டு வாரம் நான் ஷட்டரை ஐந்து தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் லாரி வந்தது. காலையில் வர வேண்டியது, மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து மூன்றே முக்காலுக்கு வந்தது. அன்று காலைதான் ஆசாரி கதவைத் திரும்ப மாட்டியிருந்தார். பிள்ளைகள் பப்பாளி ஸ்வெட்டருடன் வாசலில் நின்றார்கள். அப்போது தூறல் ஆரம்பித்தது.

"ஏய், சரக்கு நனையுது!" என்று அண்ணன் கத்தினார். இறக்குகிறவர்கள் இரண்டே பேர். மூன்று பையன்களும் யாரும் சொல்லாமலே ஒரு மூட்டையைப் பிடித்தார்கள். பிறகு எல்லோரும் பிடித்தார்கள். மூட்டைகள் சந்து வழியாக உருண்டு படியேறின. ஆனால் அந்தக் கதவு, புதுக் கீல் போட்டதால், கொஞ்சம் விட்டால் தானாகச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருவர் முதுகால் தள்ள வேண்டியிருந்தது.

அண்ணனுக்குப் பொறுமை போயிற்று. "யாராச்சும் அந்தக் கதவுக்கு ஒரு முட்டுக் குடுங்கப்பா! சும்மா சும்மா சாத்திக்குது!"

அந்தப் பெண் பக்கத்தில் கிடந்த மூட்டையை இரண்டு கையாலும் உருட்டி, கதவை விரியத் தள்ளி, அதன்மேல் சாய்த்தாள். கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே பையன்கள் நனைந்த அட்டைப் பெட்டிகளை மடக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் மூட்டைகளை அடுக்கினார்கள். மூன்று சுவரிலும் ஆளுக்கு மேல் உயரம். நடுவில் குறுக்காக ஒரு வரிசை. அதற்கு அந்தப் பக்கம் மேடத்தின் நாற்காலிகள். இந்தப் பக்கம் சரியாக ஒரு கேரம் போர்டுக்கான இடம். அவர்கள் வேண்டுமென்றுதான் அப்படி விட்டு அடுக்கினார்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பளி சுற்றிலும் அடைத்துக்கொண்டதில், கதவு திறந்திருந்தும் அறை வெதுவெதுவென்று இருந்தது.

கடைசி மூட்டையும் ஏறியதும் அண்ணன் உள்ளே வந்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. திரும்பினார். வெளியே மழை, கை தானாகக் கதவை நோக்கிப் போயிற்று. இழுத்தார். மூட்டை தடுத்தது. காலால் நகர்த்தப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு பப்பாளி ஸ்வெட்டர்கள், தலையெல்லாம் ஈரம், அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மூட்டைமேல் வைத்த காலை எடுத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இது என்ன மூட்டை?"

"குரங்குக் குல்லாங்கண்ணா."

கொஞ்சம் யோசித்தார். "அது தை மாசத்துக்கு முன்னால விக்காது. கெடக்கட்டும்."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். சாவியைக் கேட்கவில்லை.

இப்போது மாசி. தினமும் மூன்றரைக்கு நான் கதவைத் திறந்து, மூட்டையை உருட்டி முட்டுக்கொடுக்கிறேன். ஐந்தரைக்கு நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுகிறேன். மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். கரடி திரும்ப வரவில்லை. குல்லா பாதி விற்று மூட்டை இளைத்துவிட்டது. முழுசும் விற்றுவிட்டால் கதவுக்கு எதை வைப்பது என்று போன வாரம் வீட்டுக்காரியிடம் கவலைப்பட்டேன். "உலகத்துல வேற மூட்டையே இல்லீங்களா? தூங்குங்க," என்று விளக்கை அணைத்தாள்.

அந்தப் பெண் காலை எட்டேமுக்காலுக்குக் கடை வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். சில நாள் கையாட்டுவாள். சில நாள் யாருடனோ பேசிக்கொண்டு என்னைக் கவனிக்காமலே போய்விடுவாள். கவனிக்காமல் போகிற நாட்களில் எனக்கு இன்னும் நன்றாக இருக்கிறது.

நேற்று புதிதாக ஒரு பையன் கடைக்கு வந்தான். கையுறையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டான். அவன் கண் கையுறையில் இல்லை; சந்துப் பக்கம் இருந்தது. விலையைச் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. குடைகளைத் திருப்பி அடுக்குவதுபோல அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். சிறிது நேரத்தில், சந்துப் படியில் ஆணியடித்த சாக்கில் ஒருவர் காலைத் துடைக்கிற சத்தம் கேட்டது.